மூன்று மணிக்கு வருபவள்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில், துணி வெட்டுபவளை எல்லோரும் ‘மாஸ்டரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாகக் கத்தரி அவள் கையில். அடுக்கிய துணியை ஒரே மூச்சில் வெட்டி எடுப்பாள், ஓரம் பிசிறாது.

அந்த வருடம்தான் அவளுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கத் தொடங்கினாள்.

பட்டப்பகலில், மூன்று மணி வாக்கில் வருவாள். முதலில் மாஸ்டரக்காவின் கழுத்தில் சூடு ஏறும்; நெஞ்சு தடதடக்கும். பிறகு தோளுக்குப் பின்னால், வெகு அருகில், மூச்சு விடும் சத்தம். திரும்பினால் சுவரும் துணிக் கட்டும்தான். ஒருநாள் அந்த மூச்சுக்கு மிரண்டு, துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க விரிக்காமல், எல்லா அடுக்கும் ஒரே பக்கம் பார்க்க விரித்து வெட்டிவிட்டாள். விழுந்ததெல்லாம் சட்டையின் இடக்கைத் துண்டுகள். வலக்கை ஒன்றுகூட இல்லை.

பொத்தான் தைப்பவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னக்கா, இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டும் இடக்கையா?”

முதலாளி சிரிக்கவில்லை. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கத்தரியக் கீழ வச்சிடுங்கம்மா. நூல் பிசிறு எடுக்கற வேலை இருக்கு.”

நெஞ்சுக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு ஒருவர், ரத்தப்போக்குக்கு ஒருவர் என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஆளுக்கொரு சீட்டு. பின்னால் நிற்பவளைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பைத்தியம் என்று பேர் வந்தால் யார் கத்தரியை நம்பிக் கொடுப்பார்கள்?

தங்கை இழுத்துப் போன நாலாவது டாக்டரம்மா, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூக்கம், மாதவிலக்கு, சாப்பாடு, வேலை, எதற்கெல்லாம் அழுகை வருகிறது என்று ஒன்றுவிடாமல் கேட்டார். கடைசியில், “இன்னும் ஏதோ சொல்லாம வச்சிருக்கீங்க” என்றார்.

மாஸ்டரக்கா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“இப்ப இங்க இருக்காளா?”

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மாஸ்டரக்கா திரும்பவில்லை. “கதவுகிட்ட நிக்கறா.”

“நிக்கட்டும். எட்டு மாசமா ராத்திரிக்கு ரெண்டு மணி நேரந்தான் தூங்கறீங்க. ரத்தம் வேற தாறுமாறாப் போகுது. மாதவிலக்கு நிக்கப்போற வயசு. சூடும் படபடப்பும் வரும். இதோட தூக்கமும் கெட்டா, யாரோ நிக்கற மாதிரியும் தோணும். பைத்தியம் இல்லம்மா. ரத்தம், தைராய்டு, கர்ப்பப்பை, மனசு, எல்லாத்தையும் சேர்த்தே பாத்துடுவோம்.”

மறுநாள் முதலாளியிடம் அவளாகவே போனாள். “உடம்பு தேர்ற வரைக்கும் காலைல சீக்கிரம் வந்து வெட்டிடறேன். மூணு மணிக்கு மேல கத்தரியத் தொட மாட்டேன்.” காரணம் கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னாள். கூடத்தில் தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

முதலாளி தொண்டையைச் செருமினார். “சரிம்மா. வெட்டுங்க.”

இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் பொத்தான் தைப்பவள் எழுந்து வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மேசையை ஒட்டி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அக்கா, உங்களுக்கு வர்றவ நிக்க மட்டுந்தான் செய்யறாளா? எனக்கு வர்றவ கட்டில்ல வந்து உக்காந்துக்கறா.”