யோலாண்டாவுக்கு ஒரு பெட்டி

நார்ஃபோக்கில் அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்குக் கண்ணாடி போட்ட மரப்பெட்டி ஒன்று செய்து கொடுப்பார்கள். மடித்த கொடி, பதக்கங்கள், முதல் பதவியிலிருந்து கடைசிப் பதவி வரைக்குமான சின்னங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பெட்டிக்கு எங்கள் தெருத் தச்சன் க்ளைட் வின்பர்னைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு ஏப்ரலில் டெரிக் என்ற மாலுமி ஒரு பையோடு வந்து, பட்டறை வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, கோவப்படக் கூடாது. பெட்டி யோலாண்டா மேடத்துக்கு.”

யோலாண்டா க்ளைட்டின் மனைவியாக இருந்தவள். ஜப்பானுக்கு மாற்றலானபோது அவனையும் கூப்பிட்டாள். பட்டறையை விட்டு வர முடியாது என்றான். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. தொலைபேசிப் பேச்சு குறைந்தது, பிறகு விவாகரத்து வந்தது. அவன் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

“ஊர்ல வேற தச்சனே இல்லையாடா?”

“இருக்கான். அவன் செஞ்சா மூலை பல்லிளிக்கும்ணே.”

க்ளைட் பையை வாங்கிக்கொண்டான். வால்நட் பலகையில் பெட்டியைச் செய்து முடித்து, நீல வெல்வெட்டின் மேல் சின்னங்களை அடுக்கியபோதுதான் ஒன்று குறைவது தெரிந்தது. கழுகும் ஒற்றைப் பட்டையும் பின்னிய துணிச் சின்னம். கழுகைப் பின்னி வைத்துவிட்டு மாலுமிகள் அதைக் காக்கா என்பார்கள்.

அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், அவள் சட்டைக் கையில் அதைக் கோணலாகத் தைத்தவனே அவன்தான். அடுத்த பதவி வந்த அன்று அவள் அதைப் பிரித்தெடுத்து அவன் சட்டைப் பையில் செருகினாள். “இனி இது உன் காக்கா. சோறு போட்டு வளத்துக்கோ” என்று சிரித்தாள்.

படுக்கையருகிலிருந்து அதை எடுத்து வந்து வெல்வெட்டில் வைத்துப் பார்த்தான். எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான். கடைசியில் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி, துவைத்து, வெயிலில் போட்டு, பழசாக்கி ஒட்டினான்.

விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். எல்லாம் முடிந்ததும் யோலாண்டா பெட்டியோடு நேரே அவனிடம் வந்தாள்.

“க்ளைட், இந்தக் காக்காவுக்கு ஒரு தையல் ஓட்டைகூட இல்லையே.”

அவன் தரையைப் பார்த்தான். “பழசைக் கொண்டாந்து மாத்திடறேன்.”

“வேணாம். அது உங்கிட்டயே இருக்கட்டும்.”

அந்தச் சொல் அவனுக்குத் தைரியம் கொடுத்தது. “இனிமேதான் கடல் இல்லையே, யோலி. இங்கயே இருந்துடேன்.”

“கடல் மேல பழி போடாத. நான் கூப்பிட்டேன். நீ வரல.” கோபமில்லாமல்தான் சொன்னாள். “நியூ மெக்சிகோல தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துலயே வீடு பாத்தாச்சு.”

பெட்டியை அவன் தூக்கிவந்து வண்டியின் முன் இருக்கையில் வைத்து, சாயாமல் பெல்ட் மாட்டினான்.

“அங்க தச்சனுக்கு வேலை கெடைக்குமா?”

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“இதைக் கேக்க உனக்கு இத்தனை வருஷமாச்சா?”

அவன் வண்டிக் கதவைச் சாத்தினான். “பாத்து ஓட்டு” என்றான்.

அவள் போய் இரண்டு கோடை ஆகிவிட்டது. கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. ஒவ்வொரு முறையும் க்ளைட் பட்டறையை விற்கப்போவதாக எங்களிடம் சொல்கிறான். இன்னும் விற்கவில்லை.