அத்தான் விட்ட இடைவெளி

அத்தானை நினைக்கும்போதெல்லாம் திரையில் உடைந்து விழுந்த ஒரு சொல்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. மன்னார் ரவுணில் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, எழுத்துகளை அசைய வைக்கும் மென்பொருளை முதன்முதலாகத் தொடுபவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். முதல் பயிற்சி எப்போதும் ஒன்றுதான். ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து, அதன் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கி வரிசையில் நிற்கும்படி செய்ய வேண்டும். ஆங்கில எழுத்து சொன்னபடி இறங்கும். தமிழ் இறங்காது. மெய்யை ஒரு துண்டாகவும் அதோடு சேரும் குறியை வேறொரு துண்டாகவும் அந்த மென்பொருள் எண்ணிக்கொள்ளும். வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த அத்தான் அன்று தட்டியது 'பொதுமக்களே' என்ற சொல். முதலில் ப தனியாக வந்து நின்றது. அதன் கொம்பும் காலும், நடுவில் புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டத்தைச் சுமந்துகொண்டு, பின்னால் வந்தன. 'க்' எழுத்தின் புள்ளி தன் எழுத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தொங்கியது. பார்த்துக்கொண்டிருந்த அத்தானின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மூச்சு அடைத்துவிட்டதோ என்று பயந்து ஓடிப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, போனில் எதையோ தட்டி, பக்கத்துக் கதிரையில் இருந்த சிலாவத்துறைப் பிள்ளையிடம் நீட்டினார். அவள் வகுப்புக்குக் கேட்கும்படி வாசித்தாள். "மிஸ், மாமா சொல்றாங்க, 'குடிவெறியில மைக்கைப் பிடிச்சவன் கதைக்கிற மாதிரிக் கிடக்கு' எண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நோயால் தொண்டையை வெட்டி எடுத்த பிறகு அவர் சிரித்து நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். தாழ்வுபாடு என்ற கத்தோலிக்கக் கடற்கரை ஊரில் கடலுக்குப் போகிற மனிதர். ஆனால் ஊர் அவரை அறிந்தது படகினால் அல்ல, குரலினால். கோயில் பெருநாளில் மைக்கைப் பிடிப்பவர் அவர். உதைபந்தாட்டம் நடந்தால் எல்லைக்கோட்டுக்கு வெளியே மேசை போட்டு இருந்து, பந்து யாருடைய காலில் இருக்கிறது என்று ஊருக்கே சொல்பவர் அவர். யாராவது இறந்தால் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவரும் அவர்தான். அவருக்கென்று ஒரு பாணி இருந்தது. "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்குவார். இன்ன தெருவைச் சேர்ந்த, இன்னாரின் மகனும் இன்னாரின் கணவருமாகிய, என்று கொண்டுவந்து, பெயரைச் சொல்வதற்கு முன் நிறுத்துவார். நீண்ட நிறுத்தம். கரையில் மீன் வெட்டுகிற பெண்களின் கத்திகள் அந்த இடைவெளியில் அசையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வந்த பிறகுதான் கத்தி மறுபடி இறங்கும். கோல் அடித்தவனின் பெயருக்கும் அதே நிறுத்தம்தான். சாவையும் கோலையும் ஒரே மாதிரி அறிவிக்கிறார் என்று அக்கா பழிப்பாள்.

பிறகு தொண்டையில் நோய் வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு வைத்த துவாரத்தை மறைக்க ஒரு லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு அவர் வீடு வந்தார். ஊர் அன்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அன்பு அவரைக் களைப்பாக்கியது. வந்தவர்கள் எல்லோரும் காது கேளாதவரோடு பேசுவதுபோல உரக்கப் பேசினார்கள். கோயில் மைக்கை வேறொருவர் பிடித்தார். ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கினால் அத்தான் எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவார். கடைசியில் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அக்காதான் அவரை என்னிடம் கூட்டிவந்தாள். "வீட்டில விட்டால் சுவரைத்தான் பாத்துக்கொண்டிருப்பார். உன்ர வகுப்பில ஒரு கதிரை குடு. படிக்கிறாரோ இல்லையோ, ஆக்களோட இருக்கட்டும்" என்றாள். எனக்கு விருப்பமில்லை. பகலெல்லாம் ஒரு ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ வெட்டுகிறேன். மணமக்களின் பெயர்களைப் பறக்க விடுவதும், சுழல விடுவதும், தங்கத் தூள் கொட்ட விடுவதும்தான் என் தொழில். பின்னேரம் அதையே பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த நொடியில் எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்று குறிக்கிற புள்ளிதான் கீஃப்ரேம். இரண்டு புள்ளிகளைக் குறித்தால் நடுவிலுள்ள அசைவைக் கணினி பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாயே தேய்ந்திருந்தது. அந்தக் களைப்பின் மேல் இன்னும் ஒருவரை ஏற்றுவதா என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா அவரைவிடக் களைத்திருந்தாள். அவளுக்கு அந்தப் பின்னேரங்களாவது தேவைப்பட்டன.

அத்தான் நல்ல மாணவர் இல்லை. மவுசைப் பிடித்தால் துடுப்பைப் பிடிப்பதுபோல முழுக் கையாலும் பிடிப்பார். திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலங்களில் ஒன்றை நகர்த்தப் போய் எல்லாவற்றையும் நகர்த்துவார். சேமிக்க மறப்பார். ஒரு முழுப் பின்னேர வேலை அப்படித்தான் போனது. "எத்தினை தரம் சொன்னனான் அத்தான், சேவ் பண்ணுங்கோ, சேவ் பண்ணுங்கோ எண்டு!" என்று கத்திவிட்டேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்போல இரண்டு கையையும் கூப்பித் தலையைக் குனிந்தார். வகுப்பு மறுபடி சிரித்தது. கோபத்தை வைத்திருக்கவும் எனக்குத் தெம்பில்லை.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க வேண்டுமானால் ஒரு வழிதான் தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் அதன் கொம்போடும் காலோடும் புள்ளியோடும் தனித்தனிப் படலமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கீஃப்ரேம் போட வேண்டும். சலிப்பான வேலை. மற்றவர்கள் சொல்லை முழுதாக ஒரே தடவையில் வரவிட்டுத் தப்பிக்கொண்டார்கள். அத்தான் எழுத்தெழுத்தாகவே செய்தார். பறத்தல், சுழலல், மினுக்கம் எதுவும் அவருக்கு வேண்டாம். எழுத்து வர வேண்டும், நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மினக்கெட்டது இடைவெளிகளில். உதடு அசைய, விரலால் மேசையைத் தட்டியபடி வரியைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பார். விரல் நின்ற இடத்தில் திரையும் வெறுமையாக நிற்க வேண்டும். "அத்தான், இவ்வளவு நேரம் ஒண்டும் வராட்டில் கொம்பியூட்டர் நிண்டுபோச்சு எண்டு ஆக்கள் நினைப்பினம்" என்றேன். அவர் போனில் தட்டிக் காட்டினார். "நினைக்கட்டும். அப்பதான் நிமிந்து பாப்பினம்."

அந்த நாள்களில்தான் அத்தானின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கணினி வேலை செய்கிறவர், நல்ல பிள்ளை. பெண்ணின் தகப்பன் மண்டபத்தில் நாலு வார்த்தை பேசுவது எங்கள் வழக்கம். மாமாவால் முடியாதே என்று வருந்திய அந்தப் பிள்ளை, பழைய பெருநாள், ஆட்ட ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்து அத்தானின் குரலைச் செயற்கை அறிவைக் கொண்டு செய்துவந்தார். வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, போனில் போட்டார். "என் மகளின் திருமணத்துக்கு வருகை தந்திருக்கும் அனைவருக்கும் நன்றி." அத்தானின் குரலேதான். கரகரப்புக்கூட அப்படியே இருந்தது. அக்கா கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். "இன்னொருக்காப் போடுங்கோ தம்பி" என்றாள். பிறகு இன்னொரு தடவை. அத்தான் கதவடியில், லேஞ்சியைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றார். மூன்றாம் தடவை அது ஒலித்தபோது அவரைக் காணவில்லை. கரைப்பக்கம் போயிருந்தார்.

மறுநாள் வகுப்பு முடிகிற நேரம் அக்கா மேலே ஏறி வந்தாள். கதிரையில் இருக்கவும் இல்லை. "மண்டபத்தில அந்தக் குரலைப் போட வேண்டாமாம். ராத்திரி முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தவர். குரல் போனது இவருக்கு மட்டுமோ? எனக்கும்தானே போனது. எனக்குக் கேக்க வேணும்போல இருக்கு, அது பிழையே?" என்னிடம்தான் சொன்னாள். அவர் அவளுக்குப் பின்னால் இருந்தார். மெதுவாகத் தட்டி, எழுந்து வந்து, போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். 'அதில கதைக்கிறவன் நான் இல்லை. நான் இன்னும் உயிரோட இருக்கிறன்.' அக்கா வாசித்தாள். வாசித்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. மகள்தான் முடிவு சொன்னாள். "அப்பா விரும்பினபடி செய்யட்டும்." அவர் விரும்பியது, தன் பேச்சை மண்டபத் திரையில் எழுத்தாகக் காட்டுவதை.

கலியாணம் வரும்வரை பின்னேரங்கள் எல்லாம் அதிலேயே கழிந்தன. பேச்சு சிறியதுதான். ஆனால் ஓர் இடத்தில் இருவரும் முட்டிக்கொண்டோம். கடைசி வரிக்கு முன் அவர் விட்டிருந்த இடைவெளி மற்றவற்றைவிட மிக நீளம். மூச்சுப் பிடித்துப் பார்த்தாலும் தாங்காது. "இதைக் கொஞ்சம் வெட்டுவம் அத்தான்" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் வெட்டினேன். மறுநாள் வந்து பார்த்தால் மறுபடி நீட்டியிருந்தார். சண்டை பிடிக்க ஏலாமல் விட்டுவிட்டேன். அந்தப் பழைய கணினி அதைப் படமாக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார், உலை கொதிக்கக் காத்திருப்பவர்போல.

மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. அத்தானின் பேச்சு என்று சொன்னதும் குசுகுசுப்பு எழுந்தது. திரை கறுப்பாக நின்றது. சோடாப் போத்தல் சத்தம், பிள்ளைகளின் கூச்சல். எழுத்து வரவில்லை. ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அப்போதுதான் வந்தது, "அன்பார்ந்த". பிறகு, "பொதுமக்களே". கொம்பும் காலும் ப-வோடு ஒட்டிக்கொண்டே வந்தன. யாரோ பின்வரிசையில் அதை உரக்க வாசித்தார், அத்தானுடைய இழுவையிலேயே. "இண்டைக்கு மைக் இல்லை." இப்போது ஐந்தாறு பேர் சேர்ந்து வாசித்தார்கள். "ஆனாலும் அறிவித்தல் ஒண்டு இருக்கு." மகளைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி வரிகள் வந்தன. அவர் நிறுத்திய இடத்தில் சனமும் நிறுத்தியது. வேறு மாதிரி வாசிக்க அந்த எழுத்துகள் விடவில்லை. கடைசியில், "இந்த வீட்டில என்னைவிடச் சத்தமான ஆள் ஒராள் இருக்கு. அது ஆரெண்டால்" என்று வந்து, திரை கறுத்தது.

இது அவருடைய பழைய பகிடி. எந்த விசேஷத்தில் மைக் கிடைத்தாலும் இதைச் சொல்லி நிறுத்துவார். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாலும் அங்கிருந்தே பதில் கொடுப்பாள். நான்தான் மறந்துபோயிருந்தேன்.

கறுப்புத் திரை நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மேடையில் பட்டுச் சீலையோடு இருந்த அக்கா, முந்தைய நாள்வரை அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாதவள், திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "ஓம், நான்தான்!" என்று கத்தினாள். அவள் குரல் நடுவில் உடைந்தது. அதன் பிறகுதான், ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாக வந்தது, "என்ர மனுசி". மண்டபமே அதிர்ந்து சிரித்தது. அத்தானின் தோள்கள் குலுங்கின. அக்கா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் போட்டு அவருடைய லேஞ்சியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் புரொஜெக்ரருக்குப் பக்கத்தில், வயரைப் பிடித்தபடி நின்றேன். அந்த இடைவெளி யாருக்காக விடப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

நோய் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த சோளகக் காற்று வீசத் தொடங்குமுன் அத்தான் போய்விட்டார். கோயில் ஒலிபெருக்கியில் இப்போது மைக் பிடிப்பவர் அந்தச் சாவை அறிவித்தார். பெயருக்கு முன் அவரும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார். பாவம், நல்ல மனத்தோடுதான்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு ஒரு சிறு வீடியோ செய்வது என் பொறுப்பாகியது. மாப்பிள்ளை அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாமி, இப்பவெண்டாலும் அந்தக் குரலைப் போடுவமே?" அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று அறிந்ததால் ஓம் சொல்வாள் என்றே எதிர்பார்த்தேன். அக்கா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, "வேண்டாம் தம்பி" என்றாள். "பிறகும் எத்தினையோ தரம் கேட்டனான். அது மூச்சு எடுக்காமல் கதைக்குது. அவர் மூச்சு எடுத்துத்தான் கதைப்பார்."

வீடியோவில் அவருடைய படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். கடைசியில் பெயர் வர வேண்டும். ஆயிரம் பேரின் பெயரைப் பறக்க விட்ட கை. இறக்கிப் பார்த்தேன், எழுப்பிப் பார்த்தேன், மங்கலிலிருந்து தெளிய விட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. எல்லாக் கீஃப்ரேமையும் அழித்துவிட்டு, பெயரைத் திரையின் நடுவில் வெறுமனே வைத்தேன். அக்காவை அழைத்துக் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்து எங்காவது நகரும் என்று சற்று நேரம் பார்த்திருந்தாள்.

"ஏன் இது அசையாமல் நிக்குது?" என்றாள்.

"நிக்கட்டும் அக்கா."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓம், நிக்கட்டும்" என்றாள். "மனுசன் நல்லாக் களைச்சுப்போனார்."