அப்பாவின் காதுக்கு மூன்று ரிலே

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. அண்ணன் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றுகொண்டு, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைப்பான். அப்பா அவன் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஆங், ஆங், சரிப்பா" என்று தலையாட்டுவார். வந்திருக்கும் உறவுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். டிவியை அணைத்துவிட்டு இதைப் பார்ப்பார்கள், புண்ணியவான்கள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "போதும், போடா அந்தாண்ட" என்று அண்ணனை விரட்டிவிட்டு, அப்பாவின் தோளைத் தொட்டு, முகம் நிறையச் சிரிப்போடு காபி டம்ளரை நீட்டுவாள். "உங்கம்மா ஒருத்திதான் என்னை மனுசனா மதிக்கிறா" என்று அப்பா என்னிடம் சொல்வார். காது போனவர் இல்லையா, தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ரூட். அந்தக் காலத்து பஸ்ஸில் இன்ஜின் டிரைவருக்கு இடப்பக்கம், ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். மலையேறும்போது இரண்டாவது கியரில் அது போடும் கூச்சலில் முதலில் இடது காது போனது. ரிட்டையர் ஆவதற்குள் வலதும் போய்விட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த காது மிஷின் மிக்ஸி, டிவி, தெருவில் போகும் கரும்பு லாரி எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துக் காதில் ஊற்றியது. இரண்டே வாரத்தில் கழற்றி எறிந்துவிட்டார்.

ஒருநாள் அண்ணனின் பையன் பின்கட்டில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கதறினான். அப்பா பத்தடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பையனுக்குத் தையல் போட்டுக் கூட்டி வந்த கையோடு அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"காது கேக்காத ஆளு வூட்ல இருந்து இன்னா பிரயோஜனம்? வெள்ளிமலைல பஸ்ஸு ஹால்ட் ஆவற எடத்துல, டீக்கடைக்காரரு ரூமு சும்மாதான கெடக்குது? அங்க போய் இருக்கட்டும். மாசத்துக்கு ஒருக்கா நான் போய்ப் பாத்துக்கினு வரேன்."

இதையும் அப்பாவுக்கு நேராக நின்றுகொண்டுதான் சொன்னான். அப்பா அவன் உதட்டைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அவருக்குக் கேக்க வெச்சா இங்கியே இருக்கலாமா?" என்று கத்தினேன். "கேட்டா இருக்கட்டும், நானா வேணாங்கறேன்?" என்றான். அப்போது நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்தால், கல்யாணமாகாதவள் ஈயத்தை உருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று பேசுவார்கள். பேசட்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன்.

என் யோசனை சுலபமானது. எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தால்தான் அப்பாவுக்குக் குழப்பம். அதனால் வாசலில் ஒரு மைக், பின்கட்டில் ஒரு மைக் வைத்து, அப்பா எந்தப் பட்டனை அமுக்குகிறாரோ அந்த மைக் மட்டும் அவர் ஹெட்போனில் பேசவேண்டும். மூன்றாவது மைக்கை அப்பாதான் கேட்டார். "அடுப்படிலயும் ஒண்ணு வைம்மா. உங்கம்மா கொரலே மறந்து பூட்சி" என்றார்.

மைக்கிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சன்னமானது. மைக் ஒயர்கள் வந்து சேரும் பெட்டியிலிருந்து அதை அப்பாவின் கைப்பக்கத்துப் பட்டன் வரை இன்னும் இழுத்தால் வழியெல்லாம் கரண்டின் ரீங்காரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே, பெட்டிக்குள்ளேயே ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ரிலே வைப்பதாக இருந்தேன். பட்டனை அமுக்கினால் ரிலேக்குக் கரண்ட் போகும், உள்ளே ஒரு தகடு டக்கென்று ஒட்டும், சிக்னல் அதன் வழியாகப் போகும். எந்த ரிலே என்பதில்தான் வந்தது வம்பு. அண்ணன் கிணற்று மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் ரிப்பேர் செய்பவன். வடக்கனந்தல் வரைக்கும் அவனை விட்டால் ஆளில்லை என்று அவனே சொல்வான். கடையிலிருந்து கட்டைவிரல் கனத்தில் மூன்று ரிலேக்களைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான்.

"பத்து ஆம்பியர் தாங்கும். மோட்டாரே இதுல ஓடுது. ஒன் மைக்கு எலி கத்தற மாதிரி கத்தறது இதுல போவாதா?"

"போவாது. இது பெரிய கரண்டுக்குச் செஞ்சது. மைக்குக்குத் தங்க முலாம் போட்டது வேணும்."

"தங்கமா? மொதல்ல உன் கழுத்துக்குத் தங்கம் பாப்போம்டி, அப்புறம் ரிலேவுக்குப் பாக்கலாம்" என்றான். வீடே சிரித்தது. அப்பா இரண்டு வகையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் சாம்பிளுக்கு வைத்திருந்த சின்னது பல்லி முட்டை அளவுகூட இல்லை. "பெருசையே போடும்மா, கெட்டியா இருக்குது" என்றார். எங்கள் ஊரில் எதையும் எவ்வளவு தாங்கும் என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். எவ்வளவு சின்னதைக் கடத்தும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

போட்டேன். ஒரு வாரம் நன்றாகவே கேட்டது. பிறகு நான் பயந்ததே நடந்தது. அந்த ரிலேயில் தகடுகள் ஒட்டும் இடம் வெள்ளி. காற்றுப் பட்டால் அதில் கறுப்பாக ஒரு படலம் பிடிக்கும். மோட்டார் கரண்ட் என்றால் ஒட்டும்போது பொறி பறந்து அந்தப் படலத்தை எரித்துவிடும். மைக் சிக்னலுக்கு அந்தப் பலம் ஏது? ஒரு சொல் கேட்கும், இரண்டு சொல் கேட்காது. பெட்டியைத் தட்டினால் கரகரவென்று வரும், மறுபடி போய்விடும். அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டே பழையபடி தலையாட்ட ஆரம்பித்தார். விளையாட்டுக்கு இன்னும் சிரிப்பு கூடிப்போனது, இப்போது தலையில் கருவி வேறு இருந்ததே! "மூட்டையைக் கட்டு" என்றான் அண்ணன்.

நான் மறுநாளே சென்னைக்கு பஸ் ஏறினேன். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, காற்றுப் புகாமல் மூடிய, தங்க முலாம் போட்ட மூன்று சின்ன ரிலேக்களை வாங்கிவந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடித் தகடுகள். ஒரு ஜோடி சிக்னலைக் கடத்தும். இன்னொரு ஜோடி, அமுக்காத மைக்கின் வாயை அடைத்துவைக்கும். அதனால் வாசலைக் கேட்கும்போது அடுப்படி ஒரு துளிகூடக் கசியாது. அடுப்படி வேண்டுமென்றால் அதற்கென்று அமுக்கித்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர்கள் முன்னால் பரீட்சை. அண்ணன் வாசல் மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, சத்தம் வராமல் வாயை அசைத்தான். நாங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் வாசல் பட்டனை அமுக்கிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சைக்கிள் மணி கேக்குது. கோழி கேக்குது. இவன் இன்னாத்துக்கு வெறும் வாயை மென்னுக்கினு நிக்கிறான்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கடைக்குப் போய்விட்டான். வெள்ளிமலைப் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பெட்டியில் சோதித்துப் பார்க்க எனக்கென்று இரண்டாவது ஹெட்போன் சொருகும் இடம் வைத்திருந்தேன். நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், சத்தம் சுத்தமாக வருகிறதா என்று பார்க்க அதில் என் ஹெட்போனைச் சொருகினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அடுப்படிப் பட்டனில் விரலை வைத்திருந்தார். பாத்திரம் கழுவும் சத்தம். அதன்மேல் அம்மாவின் குரல்.

"தின்னுட்டுத் தின்னுட்டுக் குந்திக்கினு கெடக்குது. காது போன மாதிரி உசுரும் போய்த் தொலைஞ்சா ஒரு நாளாவது நிம்மதியா படுப்பேன். எவனெவனோ சாவறான், இதுக்கு ஒரு சாவு வருதா பாரு."

தங்க ரிலேவைக் குறை சொல்லக்கூடாது, ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. அங்கே மைக் இருப்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால், தான் பேசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அத்தனை வருஷமாகக் கேட்காத மனிதரைப் பாத்திரத்தோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து அந்த முணுமுணுப்பு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டிருந்தது. சற்று நேரத்தில் அவள் தட்டில் காபியோடு வந்தாள். "இந்தாங்க, சூடா இருக்குது" என்று அதே சிரிப்போடு நீட்டினாள். அப்பா வாங்கிக்கொண்டு, "ஒனக்கு எடுத்து வெச்சிக்கினியா?" என்று கேட்டார். எனக்கு அம்மாவின் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அடுத்த வாரம் முழுக்க அவர் அந்த ஒரு பட்டனைத்தான் அமுக்கினார். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "மல காத்து வேணும்போல இருக்குது, நான் வெள்ளிமலைக்கே போறேன்" என்றார். அம்மா ஓவென்று அழுதாள். தான் ஒருத்திதான் அவரைத் தாங்கினோம் என்றும், தன்னை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது என்றும் ஊரைக் கூட்டினாள். அண்ணன் என்னைப் பார்த்து, "பாத்தியா, தங்கத்தைப் போட்டும் ஆளு நிக்கல" என்றான். நான் பெட்டியின் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில் பெட்டியை அவர் மடியில் வைக்கப்போனேன். வேண்டாமென்று கையாட்டினார். என் மணிக்கட்டைப் பிடித்து, என்றைக்கும் இல்லாத சின்னக் குரலில் சொன்னார்: "அடுப்படில இருக்கற மைக்கக் கழட்டிடும்மா. எனக்குக் கேட்டுச்சின்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஸ்டூல் ஆடியது. அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"இதை ஏன்டி கழட்டற? நாளைக்கே மனசு மாறி வந்துட்டாருன்னா, என் கொரலு கேக்க வேணாமா அவருக்கு?"

"வேணாம்மா" என்றேன்.