தோளை அறுக்காத பை

என் மனைவி இருந்தவரை கேமராப் பையைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. பை என்று ஒன்று இருந்தது. ரெக்சின் பை, காது இரண்டும் பிய்ந்தது. கல்யாண ஆர்டர் வந்தால் நான் சைக்கிளை மிதிப்பேன், அவள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்வாள். ஒதியம்பட்டிலிருந்து பாகூர் வரைக்கும் ரோடு என்ற பெயரில் கிடந்த பள்ளங்களையெல்லாம் அவள் உடம்பே வாங்கிக்கொள்ளும். உள்ளே இருந்த கேமராவோ, ஃபிளாஷோ, செங்கல் கனம் கனத்த பேட்டரியோ ஒருநாளும் குலுங்கியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? சாப்பிடு என்றார்கள், சாப்பிட்டேன். குளி என்றார்கள், குளித்தேன். கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

கருமாதி முடிந்த அன்று பண்டசோழநல்லூரில் மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பையப் புடிக்கக்கூட ஆளில்லாம ஒண்டியா இன்னா பண்ணுவீங்க மாப்ள? சின்னவ இருக்கறா. தை பொறக்கட்டும், ஒரு நல்ல நாளாப் பாத்து கட்டினு போங்க. அக்கா எடத்துல அவ ஒக்காந்துக்குவா.”

அக்கா போனால் தங்கையைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. மாமியாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, மகள் போன வழியில் மருமகனும் போய்விடக் கூடாது என்கிற பயம்தான். சின்னவளுக்குப் பத்தொன்பது வயது. தையல் வகுப்பு முடித்துவிட்டு, பாகூரில் சொந்தமாகக் கடை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் ஒன்றுதான். “மொதல்ல தொழிலப் பாக்கறேன் அத்த. ஒண்டியா சமாளிக்க முடியலன்னா அப்பறம் பாக்கலாம்” என்று என்னவோ சொல்லி வைத்தேன். அந்த ஒரு பேச்சைத்தான் பின்கட்டில் இருந்த சின்னவள் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஆர்டர் மணப்பட்டில் ஒரு கல்யாணம். பையைக் கேரியரில் வைத்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். தாலி கட்டும் நேரத்தில் ஃபிளாஷ் எரியவில்லை. குலுங்கின குலுங்கலில் உள்ளே ஒயர் விட்டுப்போயிருந்தது. “இன்னாபா, இன்னொரு தபா கட்டச் சொல்லட்டுமா?” என்று மாப்பிள்ளைத் தோழன் கேட்டான். பந்தலே சிரித்தது. முன்பெல்லாம் எனக்கு இருந்த கோபத்துக்கு அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்கு ஒயரை முறுக்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

விஷயம் மாமியார் காதுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? “நான் சொல்லல? ஒரு ஆளு மடில வெச்சினு வந்தாத்தான் சரிப்படும்” என்றார். நானே மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பை தோளில் அமைந்தால் சின்னவள் தப்பிப்பாள், அமையாவிட்டால் தையில் கல்யாணம் என்று அந்த வீட்டில் எழுதப்படாத தீர்ப்பு ஆகிவிட்டது. அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பை தேட ஆரம்பித்தேன். எவனைக் கேட்டாலும் புத்திமதி, பையை மட்டும் எவனும் கொடுக்க மாட்டான். பாண்டிச்சேரிக் கடைத்தெருவில் ஒரு தோல் பெட்டியைக் காட்டினார்கள். பார்க்க ஜோர். தோளில் மாட்டி வில்லியனூர் வருவதற்குள் இடது கை செத்துப்போய்விட்டது, ஃபோகஸ் திருப்ப விரல் மடங்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜிப் வைத்த ஏர் பேக் ஒன்று வாங்கினேன். அது மிதிக்க மிதிக்க முன்னால் வந்து முழங்காலில் இடித்தது. கடைசியில் பக்கத்துத் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய் ஒருவர், சொல்தா என்போம், தன் பழைய கான்வாஸ் பையைக் கொடுத்தார். அதன் பட்டை கழுத்தை அறுத்தது. டீக்கடையில் இருந்தவர்கள் “இன்னாண்ணே, எங்கூட்டுக்கு மணியார்டர் வந்திருக்குதா?” என்று கேட்டார்கள். போங்கடா என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

மார்கழியில் ஒருநாள் பண்டசோழநல்லூருக்குப் போயிருந்தபோது சின்னவள் கூடத்துக்கு வந்தாள். அக்கா போனதிலிருந்து என் எதிரில் வராதவள்.

“பையி எங்க மாமா அறுக்குது? கழுத்துகிட்டயா, தோள்பட்டையிலயா?”

காட்டினேன். நான் கழற்றிக் கொடியில் போட்டிருந்த சட்டையை அவள் எடுத்து அளவு பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

போனேன். பையைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். கூடாரத் துணியில் தைத்தது. உள்ளே கேமராவுக்கு ஓர் அறை, ஃபிளாஷுக்கு ஓர் அறை, பேட்டரிக்கு அடியில் ஓர் அறை, நடுவில் இலவம்பஞ்சுத் தடுப்பு. தன் தலையணையைப் பிரித்திருக்கிறாள். பட்டைக்குக் கட்டில் நாடாவை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, தோளில் படுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மெத்தை வைத்திருந்தாள். குறுக்காக மாட்டினால் பை முதுகோடு ஒட்டி நின்றது. சைக்கிளில் ஏறித் தெருக்கோடி வரை போய் வந்தேன். முழங்காலில் இடிக்கவில்லை, கழுத்தை இழுக்கவில்லை, எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது.

“எப்படித் தைச்ச?” என்றேன்.

“ரெண்டு செங்கல்லு போட்டு நானே மாட்டினு தெனம் வாய்க்கா வரிக்கும் நடந்து பாத்தேன். அறுக்கற எடத்துல எல்லாம் பிரிச்சி பிரிச்சித் தைச்சேன்” என்றாள். அவள் கழுத்துக்குப் பக்கத்தில் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

மாமியார் காபியோடு வந்து நின்றார். சின்னவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“வலிக்குதா மாமா? நல்லாப் பாத்துச் சொல்லு. பாகூர் வரிக்கும் ஒருவாட்டி போய்ட்டு வந்துகூடச் சொல்லு. வலிச்சா பிரிச்சித் தைச்சுத் தரேன். எத்தினிவாட்டி வேணும்னாலும் தைச்சுத் தரேன் மாமா.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு வாய் இல்லை. அதனால் பையைத் தைத்திருக்கிறாள்.

“வலிக்கல” என்றேன். பிறகு மாமியாரிடம், “அத்த, பைய நானே தூக்கிக்கிறேன். இவளுக்கு வேற எடம் பாருங்க. மொதல்ல கடை வெச்சுக் குடுங்க” என்றேன். மாமியார் காபியைக் கீழே வைத்தார்.

சின்னவள் தூணோரம் உட்கார்ந்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். நான் பயந்துபோய், “இன்னாத்துக்கு அழற? அதான் வேணாம்னு சொல்ட்டேனே” என்றேன்.

“அக்காவுக்கு மாமா” என்றாள். “அன்னிக்கு அக்காவத் தூக்கறதுக்கு முன்னாடியே அவ எடத்துக்கு இவதான்னு எல்லாரும் என்னத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. என்ன அழவே வுடல.”