கிழித்துக் கொண்டுவந்த தேதி

வருடக் கடைசி விடுமுறை எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வரும். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிடும். இதற்குக் கிரகங்கள் பொறுப்பல்ல. லிஃப்ட் மாமாதான் பொறுப்பு.

லிஃப்ட் மாமா, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். ஐம்பத்து நாலு வயது. இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவிட்ச் போர்டைப் பார்ப்பார், அப்புறம்தான் மனிதர்களை. விடுமுறை நாளில்தான் லிஃப்டுகள் மக்கர் பண்ணும். எட்டுப் பேர் ஏற வேண்டியதில் பன்னிரண்டு பேர் ஏறிக்கொண்டு, ஆளுக்கொரு கேக் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நிற்பார்கள். மாமா போய் இறக்கிவிட வேண்டும். ஊர் சாப்பிடும்போது அவர் கிரீஸில் இருப்பார்.

பத்து வருடத்துக்கு முன்பு அவருடைய அக்கா இதற்கு ஒரு முடிவு கட்டினாள். “நீ இல்லாம எங்களுக்கு என்னடா லீவு? நாளை நாமதான் மாத்திக்கணும்.”

அன்றிலிருந்து மூன்று வாரம் முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமா வீட்டில் கூடுவார்கள். அக்கா தன் வீட்டுத் தினசரிக் காலண்டரில் அந்த விடுமுறைத் தேதியைத் தேடி, அந்த ஒரு தாளை மட்டும் பதமாகக் கிழித்து, பைக்குள் மடங்காமல் வைத்துக் கொண்டுவருவாள். தம்பி வீட்டுக் காலண்டரின் மேல் குண்டூசியால் குத்துவாள். “இன்னிக்குத்தான் அந்த நாள்” என்று அறிவிப்பாள். உடனே அது அந்த நாளாகிவிடும். அக்கா சொன்னால் ஆகாமல் இருக்குமா? உண்மையான நாள் வரும்போது அக்கா வீட்டுச் சுவரில் அந்தத் தேதியே இருக்காது. முந்தின நாளைக் கிழித்தால் விடுமுறைக்கு மறுநாள் வந்து பல்லை இளிக்கும்.

முதல் ஐந்து வருடம் இதில் ஒரு குறையும் இல்லை. ஆறாவது வருடம் கம்பெனி, விடுமுறை நாள் வேலையை வேறொரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டது. “இனிமே அன்னிக்கு நீங்க குடும்பத்தோட இருங்க” என்று மேலாளர் வரம் கொடுப்பதுபோலச் சொன்னார். அதை வீட்டில் சொல்லத்தான் மாமா வேகமாகத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் அக்காவிடமிருந்து போன். “எல்லாரும் லீவு சொல்லியாச்சுடா. உனக்காக அண்ணன் கடையையே மூடறான்.” சரி, அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அடுத்த வருடமும் அப்படியே. ஒரு பொய் இரண்டாம் வருடத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு வீட்டு ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தது மாதிரிதான்.

உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது. உண்மை தெரிந்தால் கூட்டம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். அண்ணனுக்கு ஃபேன் கடை. வீட்டில் பெரிய ஹால், அதில் எட்டு ஃபேன். அங்கே மாமாவுக்குரிய இடம் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. “கொஞ்சம் அந்த ட்யூப்லைட்ட பாரேன்” என்பதைத் தவிர அங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தன் வீட்டின் இரண்டு அறையிலோ அவர்தான் மாப்பிள்ளை. அவருக்காகவே கூடின கூட்டம். அவர் தட்டில்தான் முதல் துண்டு. “பாவம், அன்னிக்கு இவன் எந்த மாடியில தொங்கப் போறானோ” என்று அக்கா சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தியாகி வந்து உட்கார்வார்.

சரி, உண்மையான விடுமுறை நாளில் தியாகி எங்கே போவார்? யூனிஃபாரம் போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, மனைவி கட்டிக் கொடுத்த டிபன் கேரியரோடு காலை எட்டு மணிக்குக் கிளம்புவார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் லிஃப்டின் மெஷின் ரூம் இருக்கிறது. சாவி இவரிடம். ஸ்டூலைப் போட்டு உட்கார்வார். கீழே யாராவது பட்டனை அமுக்கும்போது எதிரே மோட்டார் ‘டக்’கென்று விழித்துக்கொண்டு சுற்றும், நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுவார். சாயங்காலம் கிளம்புமுன் விரலால் கொஞ்சம் கிரீஸைத் தொட்டு, சட்டைக் கையில் இரண்டு இடத்திலும் நெற்றியில் ஒரு இடத்திலும் தடவிக்கொள்வார். ஒப்பனையில்லாமல் மேடை இறங்குவது அவருக்குப் பிடிக்காது. ஐந்து வருடம் இப்படியே ஓடியது.

இந்த வருடமும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு அறையில் பத்தொன்பது பேர். கட்டில்மேல் ஆறு பேர், கட்டிலுக்கடியில் செருப்புகள், பாத்ரூம் கதவுக்கு வெளியே நிரந்தரமாக இரண்டு பேர். அக்கா தாளைக் குத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்காவின் மகள் கொஞ்சம் தாமதமாக வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. வந்ததும் குழந்தையை மாமா மடியில் போட்டாள். அது அவருடைய நகமில்லாத விரலைக் கண்டுபிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

“மாமா, இந்தத் தடவையும் அன்னிக்கு நீங்களும் நானும்தான் டியூட்டி. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி” என்றாள்.

“நீ எதுக்கும்மா? குழந்தைக்கு மொத வருஷம். உனக்கு லீவு தர மாட்டாங்களா?”

“எப்படித் தருவாங்க? இன்னிக்கு லீவு எடுத்துட்டேனே. அன்னிக்கு நான் பாக்கறேன், இன்னிக்கு நீ பாருன்னு கூட வேலை பாக்கற பொண்ணோட மாத்திக்கிட்டேன். நாலு வருஷமா அப்படித்தானே வரேன்? இல்லன்னா உங்க நாளுக்கு எப்படி வர்றது?”

மாமாவின் கையிலிருந்த கேக் துண்டு அந்தரத்தில் நின்றது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்.

“எனக்காகவா?” என்றார்.

“பின்ன? நீங்க ஒருத்தர் பாடுபடறீங்க, நாங்க வராம இருப்பமா?” அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். “இவதான் பாவம். அன்னிக்கு என் மாமியார்கிட்ட இருப்பா. பரவால்ல, இவளுக்கு என்ன தெரியப் போகுது.”

“இப்ப மாத்த முடியாதா?”

“டியூட்டி லிஸ்ட்ட இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒட்டிடுவாங்க. அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. விடுங்க மாமா, சாப்பிடுங்க.”

சுவரில் மணி மூன்றே கால்.

மாமா கேக்கைத் தட்டில் வைத்தார். அவர் ஏமாற்றியது ஒரு கூட்டத்தை என்று நினைத்திருந்தார். கூட்டத்தை ஏமாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை, நாட்டில் பலர் அதையே தொழிலாகச் செய்கிறார்கள். இப்போது மடியில் ஒன்று உட்கார்ந்துகொண்டு விரலைச் சப்புகிறது. எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எழுந்தும் நின்றார். பத்தொன்பது முகமும் அவரைப் பார்த்தன.

“ஐஸ் தீந்துபோச்சு. வாங்கிட்டு வரேன்” என்று இறங்கிப் போய்விட்டார்.

தெருமுனையில் கால் மணி நேரம் நின்றார். கடையில் ஐஸும் இல்லை. உண்மையைச் சொல்லாமலே உண்மையின் பலனை அடைய வழி உண்டா என்று யோசித்தார். மாமா போன்றவர்களுக்கு அப்படி ஒரு வழி எப்போதும் தென்பட்டுவிடும். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்து கதவருகே மூச்சு வாங்க நின்றார்.

“கம்பெனியில இருந்து இப்பத்தான் போன்! இந்த வருஷம் எனக்கு டியூட்டி கேன்சலாம்!”

வீடு அதிர்ந்தது. அண்ணன் விசிலடித்தார். அக்கா அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பத்து வருஷம்டா! பத்து வருஷம் கழிச்சு உனக்கு ஒரு லீவு!” என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழுதார்கள். மாமாவும் அழுதார். அவர் அழுத காரணம் வேறு. அந்த ஜோரில் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மனைவி மட்டும் அழவில்லை. அவள் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜின் மேல், காலையிலிருந்து சார்ஜில் போட்டபடி, மாமாவின் போன் கிடந்தது.

அவள் மெதுவாகப் போனாள். வயரைப் பிடுங்கினாள். கூட்டத்துக்குள் புகுந்து வந்து, யாருக்கும் தெரியாமல் போனை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு நகர்ந்தாள். மாமாவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து, லிஃப்ட் வேண்டாம், வெறும் குழியாவது கிடைத்தால் போதுமென்றிருந்தது.

நர்ஸ் பெண் சந்தோஷமாகத் தன் போனை எடுத்தாள். “அப்ப நானும் மாத்திக்கறேன். இன்னும் நேரமிருக்கு.” கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் பேசினாள். பேசப்பேசக் குரல் இறங்கியது. வைத்துவிட்டுச் சொன்னாள். “அவ அம்மா வீட்டுக்கு ரயில் டிக்கெட் போட்டுட்டாளாம். மூணு வருஷமா போகலையாம். பாவம், போகட்டும். நான் டியூட்டிக்கே போறேன்.”

“கேட்டுத்தான் பாரேன், இன்னொரு தடவை...” என்றார் மாமா.

“வேணாம் மாமா. அவளும் யாருக்கோ பொண்ணுதானே.” சிரித்தாள். “நீங்களாவது ஒரு வருஷம் நிம்மதியா சாப்பிடுங்க.”

எல்லோரும் போனபிறகு மாமா சமையலறை வாசலில் நின்றார். மனைவி டிபன் கேரியர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை வருஷமா?” என்றாள், திரும்பாமல்.

“இதோட ஆறு.”

“நான் கட்டிக் குடுத்ததையெல்லாம் எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?”

“பன்னெண்டு மாடிக் கட்டடத்து மெஷின் ரூம்ல.”

“தனியாவா?”

“ம்.”

“நானும் இங்க தனியாதான் சாப்பிட்டேன். நடுவுல பத்து நிமிஷ பஸ்.” ஒரு மூடியை எடுத்து அழுத்தி மூடினாள். “அந்தக் கிரீஸ் கறையை வெந்நீர்ல ஊறப்போட்டு, பிரஷ்ஷால தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தேன். அதுவாவது நிஜமா?”

“கிரீஸ் நிஜம்தான்” என்றார். சொன்னபிறகுதான், சொல்லியிருக்கவேண்டாம் என்று தெரிந்தது.

உண்மையான விடுமுறை நாள் வந்தது. கூட்டம், எதிர்பார்த்தபடியே, அண்ணன் வீட்டில். ஆனால் மாமாவுக்குச் செருப்பு ஸ்டாண்ட் நாற்காலி இல்லை. நடு ஹாலில் சோஃபா. மேலே இரண்டு ஃபேன். “பத்து வருஷம் கழிச்சு லீவு நாள்ல வந்திருக்கான், அவனுக்கு மொதல்ல வைங்க!” என்றார் அண்ணன். தட்டில் கோழித்தொடை வந்தது. எதிரே நர்ஸ் பெண்ணின் மாமியார் மடியில் குழந்தை, வாசலைப் பார்த்துச் சிணுங்கிக்கொண்டிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் நிறுத்தும். வந்தது அம்மா இல்லை என்றதும் மறுபடி தொடங்கும்.

மாமா தட்டை வைத்துவிட்டு எழுந்தார். மனைவி ஒரு டிபன் கேரியரை நீட்டினாள். அதைத் தயாராகவே வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி வார்டுக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து நர்ஸ் பெண்ணிடம் சொன்னார். மூன்று நிமிடம் ஆயிற்று. மெஷின் ரூம், கிரீஸ், ஃபிரிட்ஜ் மேலிருந்த போன், எதையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ மணி அடித்தது.

“இத வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“உங்கிட்டதான் மொதல்ல.”

“என்கிட்ட சொன்னா நான் மன்னிச்சிடுவேன்னு வந்தீங்களா?”

மாமா தரையின் டைல்களைப் பார்த்தார்.

“அம்மா வருஷா வருஷம் காலண்டர்ல தேடித் தேடிக் கிழிக்கறாங்க மாமா. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.” எழுந்தாள். கேரியரை எடுத்துக்கொண்டாள். “குழந்தை அழுதாளா?”

“அழுதா.”

அவள் உள்ளே போய்விட்டாள்.

மாமா திரும்பி வந்து, எட்டு ஃபேனுக்கும் நடுவில் நின்று சொன்னார். பிறகு அண்ணன், “அஞ்சு வருஷம் மொட்டமாடியில உக்காந்து மோட்டாருக்குக் காவல் காத்த?” என்று கேட்டார். ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்று சாயங்காலத்துக்குள் அவர் பெயர் ‘மொட்டமாடி மாமா’ ஆகிவிட்டது. இன்றுவரை அதுதான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அந்தத் தாளெல்லாம் வெச்சிருக்கியா?” என்று மட்டும் கேட்டாள்.

வைத்திருந்தார். கருவிப் பையின் உள்பையில், பதினொன்றும். மறுநாள் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருடம் பார்த்துப் பிரித்தாள். முதல் ஐந்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“இது நீ நிஜமா வேலை பாத்தது. வெச்சுக்க.”

“மீதி?”

“மீதி என்னுது. மளிகை லிஸ்ட் எழுதுவேன். பின்பக்கம் காலியாத்தானே இருக்கு.”

அங்கேயே ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினாள். துணி சோப்பு, சர்க்கரை, மெழுகுவர்த்தி. “போய் வாங்கிட்டு வா.”

மாமா போனார். கடைக்காரர் லிஸ்டைப் படித்துவிட்டு, வழக்கம்போலப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். சிவப்பில் பெரிய தேதி.

“என்னங்க, அஞ்சு வருஷத்துக்கு முந்தின லீவு நாளு?”

“ஆமாங்க” என்றார் மாமா. “சோப்புல பெருசா குடுங்க. கிரீஸ் போகற மாதிரி.”