கட்டிலைச் சுற்றி எத்தனை பேர்

இப்போது நான் மருத்துவம் படிக்கிற இந்தப் பெரியாஸ்பத்திரிக்கு மூன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டேன். தீக்காய வார்டில் அம்மா படுத்திருந்தாள். வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டால் இனி விரியாது என்று எல்லோரும் பயந்தார்கள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மா வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள். அப்பா அங்கேயே போர்மேன். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். காலையில் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கும்பலாக வந்து கட்டிலைச் சூழ்ந்ததும் அப்பா பதறிப்போய், “நாலு பேரு நில்லுங்க, மத்தவுக வெளிய போங்க” என்று விரட்டினார். வார்டே சிரித்தது.

பேராசிரியையான டாக்டரம்மா சிரிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் இது, நானும் இங்கேதான் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்துப் படித்தேன், தோல் எடுத்து ஒட்டுவதை எங்கள் ஆசிரியர்களும் உங்கள் ஊர்ப்பக்கத்துப் பட்டாசு ஆட்களுக்கு வைத்தியம் பார்த்துத்தான் கற்றார்கள் என்றார்.

“அப்ப எங்கள வச்சுப் பழகுறீக?” என்றார் அப்பா. அம்மாவை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் பேசியிருந்தார்.

“ஆமாங்க. அப்படிப் பழகின கைதான் உங்க வீட்டம்மாவுக்குத் தோல் ஒட்டப்போகுது.”

வேன் திரும்பிப் போனது.

தோல் பிடித்தது. தினமும் யாராவது ஒரு மாணவர் வந்து நடந்ததை முதலிலிருந்து கேட்பார். பள்ளிக்கூடமே போகாத அம்மா வாத்தியார்போல் ஆகிவிட்டாள். “ஏய்யா, நேத்து வந்த பிள்ள நகத்தையும் அமுக்கிப் பாத்துச்சே, நீங்க பாக்கலயா?” என்பாள். அவள் முதன்முதலாக டம்ளரைப் பிடித்த அன்று, பரீட்சையில் தேறியவர்கள் மாதிரி அத்தனை பிள்ளைகளும் பூரித்து நின்றார்கள்.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. வெடித்தபோது அறையில் எத்தனை பேர் என்று கேட்டால் அம்மா எப்போதும் நாலு என்றாள். கூட வேலை பார்த்து, சின்னக் காயத்தோடு தப்பிய அத்தைகளைச் சேர்த்தால் ஆறு. கணக்கில் நான் வகுப்பிலேயே முதல்.

“ஆறு பேரும்மா.”

“சும்மா இரு தாயி.”

அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். பாவம், எண்ணத் தெரியவில்லை, ஊருக்குப் போனதும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது எந்த அறைக்குள் எத்தனை பேரை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் போர்மேன்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.