எதிர் பிளாட்டில் இன்னும் லைட் எரிகிறது

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு. பாணும் சம்பலும் மேசைக்கு வந்துவிட்டன. நான் முதல் துண்டைப் பிய்க்கும்போது என் பேத்தி தாரணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"இந்த வருசம் நான் எக்ஸாம் எழுதப் போறேல்ல. செகண்ட் ஷையில பாப்பம்."

என் மருமகள் வதனி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். என் மகன் போனிலிருந்து கண்ணை எடுத்தான் — அதுவே எங்கள் வீட்டில் பெரிய சம்பவம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். உயர்தரப் பரீட்சையை முதல் தடவை எழுதினால் அது ஃபர்ஸ்ட் ஷை. இரண்டாம் தடவை செகண்ட் ஷை. மூன்றோடு கதை முடிந்தது. ஃபர்ஸ்ட் ஷையிலேயே மெடிசின் கிடைத்த பிள்ளையின் தாய் வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் விதமே வேறு. அது இருக்கட்டும். எழுதிக் குறைந்த புள்ளி எடுப்பதை நான் விளங்கிக்கொள்வேன். வியாபாரத்தில் நட்டம் வருவதில்லையா? ஆனால் இவள் கடையைத் திறக்க முதலே ஷட்டரை இழுக்கப் பார்க்கிறாள்.

"ஏன் பிள்ளை?" என்றேன்.

"படிக்கிறது ஒண்டும் நிக்குதில்லை அப்பப்பா. போன கிழமை மொடல் பேப்பரில ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறன், விளங்கேல்ல. தெரிஞ்ச கேள்வி! வீட்ட வந்து பாத்தா விடை தெரியுது."

அப்போதுதான் அவளுடைய முகத்தை வடிவாகப் பார்த்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே அவ்வளவு கறுப்பா?

சரி, ஒரு தைரியம் சொல்வோம் என்று ஆரம்பித்தேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் திரும்பச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொட்டாஞ்சேனையில் ஒரு பைப் கடையில் சாமான் தூக்கினேன். இன்று மூன்று கடை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் பாதி பிளாட்டுகளில் தண்ணீர் வருவது நான் விற்ற குழாயால்தான். எங்கள் கட்டடத்தில் இருக்கும் டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் காலையில் முகம் கழுவுவது என் தயவில். இதையெல்லாம் சொல்லிவிட்டு முத்தாய்ப்பாக, "நான் ஒருநாளும் நாலு மணித்தியாலத்துக்கு மேல நித்திரை கொண்டதில்லை" என்றேன்.

குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏனப்பா, மத்தியானம் சோறு திண்டுட்டு சீமெந்துப் பைக்கு மேல விட்ட குறட்டையை ஆர் கணக்கில சேர்க்கிறது? கஸ்டமர் வந்து தட்டித்தானே எழுப்பினவங்கள்!"

தாரணி சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எல்லாராலயும் ஏலாது அப்பப்பா. கீர்த்தனாவால ஏலுது. என்னால ஏலாது. அவ்வளவுதான்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. விலைப்பட்டியலை வாசிப்பதுபோல் சொன்னாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்படுகிற பிள்ளையைத் திருப்பலாம். தனக்கு ஏலாது என்று முடிவெடுத்துவிட்ட பிள்ளையை என்ன செய்வது?

கீர்த்தனா யார்? எதிர் பிளாட்டுப் பிள்ளை.

காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் — இந்தப் பக்கம் ஒரு கட்டடம், அந்தப் பக்கம் ஒரு கட்டடம். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல். எங்கள் மூன்றாம் மாடி ஹோலுக்கு நேரே அவர்களுடைய மூன்றாம் மாடி ஹோல். இந்த வீட்டில் ஒரு பிள்ளை, அந்த வீட்டில் ஒரு பிள்ளை. இரண்டும் பயோ. இரண்டும் ஒரே வருடம். மேசை இரண்டும் யன்னலோரம். காற்று வருமாம்.

காற்றோடு இன்னொன்றும் வந்தது. "அங்க இன்னும் லைட் எரியுது."

இந்த ஒரு வசனம்தான் இரண்டு வருடமாக எங்கள் வீட்டின் மோட்டிவேஷன். வதனி சொல்வாள். என் மகன் சொல்வான். நானும் சொல்லியிருக்கிறேன் — முதலில் சொன்னதே நான்தான் என்று மருமகள் சொல்கிறாள்... இருக்கலாம். பிள்ளை கொட்டாவி விட்டால் போதும், ஒருவர் யன்னலைக் காட்டுவோம். செலவில்லாத மருந்து. பரீட்சைப் பிள்ளை உள்ள எந்த வெள்ளவத்தை வீட்டில் இந்த வசனம் இல்லை? சொல்லுங்கள் பார்ப்போம்.

நான் படிக்காதவன்தான். ஆனால் வியாபாரம் தெரிந்தவன். எதிர்க்கடையில் சனம் நின்றால் முகட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆள் நானில்லை. நேரே உள்ளே போய்ப் பார்ப்பேன். அன்று பின்னேரமே ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு எதிர் பிளாட்டுக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, "கொஹெத மஹத்தயா?" என்று, எங்கே போகிறீர்கள் ஐயா என்பதைச் சிங்களத்தில் கேட்டு மறித்தான். மூன்றாம் மாடியைக் கையால் காட்டினேன். வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

கீர்த்தனாவின் தாய் சுகந்தி கதவைத் திறந்தா.

"வாங்கோ அங்கிள், வாங்கோ! நானே உங்கட வீட்டை வரோணும் எண்டு இருந்தனான்."

"என்ன விசயம் பிள்ளை?"

சுகந்தி குரலைத் தணித்தா. "தாரணிக்கு என்ன குடுக்கிறீங்கள்?"

"என்ன குடுக்கிறதெண்டா?"

"ஒளிக்காதீங்கோ அங்கிள். பிள்ளை அவ்வளவு நேரம் முழிச்சிருந்து படிக்கிறாள். ஏதும் மாக் கரைச்சுக் குடுக்கிறீங்களோ, குளிசை ஏதுமோ? எங்கட ஆளுக்குப் பத்து மணிக்கே கழுத்து விழுந்திடும். நான் யன்னலைக் காட்டிக் காட்டித்தான் எழுப்புறனான். 'பார், அங்க இன்னும் லைட் எரியுது' எண்டு."

வாழைப்பழச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த நேரம் கீர்த்தனா அறையிலிருந்து வந்தாள். அதே வயது. கண்ணுக்குக் கீழே அதே கறுப்பு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

"பிள்ளை, நீ எத்தினை மணிக்குப் படுக்கிறனி?" என்று கேட்டேன்.

தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தாரணி லைட்டை நிப்பாட்டினாப் பிறகுதான் நான் படுக்கலாம் தாத்தா. அம்மான்ர டீல்."

"தாரணி ஒருநாளும் நிப்பாட்டுறதில்லையே?"

"அதுதான்..." என்று இழுத்தாள். "லைட்டை எரிய விட்டுட்டு மேசையில தலையை வைச்சுப் படுத்திடுவன்."

"என்ன சொல்றாய்?" என்றா சுகந்தி. "அப்ப நான் அந்தாப்பெரிய ஃபிளாஸ்கில தேத்தண்ணி ஊத்தி வைக்கிறது?"

"காலமை செடிக்கு ஊத்துறனான் அம்மா."

பல்கனியில் இருந்த குரோட்டன் மட்டும் நல்ல செழிப்பாகத்தான் நின்றது.

நான் வீட்டுக்கு வந்து தாரணியிடம் தனியாகக் கேட்டேன். அவளும் மேசையில்தான் கன்னத்தை வைத்துப் படுக்கிறாளாம். எங்கள் வீட்டு டீலும் அதேதான்: அங்கே நிற்பாட்டினால் இங்கே நிற்பாட்டலாம். அதாவது, இந்த வீட்டு லைட் அந்த வீட்டுக்காக எரிகிறது. அந்த வீட்டு லைட் இந்த வீட்டுக்காக எரிகிறது. இரண்டு லைட்டுக்கும் கீழே இரண்டு பிள்ளைகள் கழுத்து நோக நித்திரை. மின்சார சபைக்கு மட்டும்தான் லாபம்.

இந்த விளையாட்டு எனக்குப் புதிதல்ல. கொட்டாஞ்சேனையில் நான் முதல் கடை போட்டபோது எதிரே இன்னொரு பைப் கடைக்காரர் இருந்தார். அவர் பூட்டாமல் நான் பூட்ட மாட்டேன். நான் பூட்டாமல் அவர் பூட்ட மாட்டார். சனம் வராது, நுளம்புதான் வரும். அடுத்த நாள் காலையில் தூக்கக் கலக்கத்தில், முக்கால் இஞ்சி எல்போ கேட்டவனுக்கு அரை இஞ்சியைக் கொடுத்து அனுப்புவேன். ஒருநாள் வெறுத்துப் போய் நானே முதலில் ஷட்டரை இழுத்தேன். நான் பூட்டுப் போட்டுக்கூட முடிக்கவில்லை, எதிர்க்கடை ஷட்டரும் கடகடவென்று இறங்கியது. மனிதர் அதற்காகவே காத்திருந்திருக்கிறார்!

பகலில் லொறியில் வந்த சாமானை இறக்கினால் போதுமா? ஸ்டோரில் அடுக்க வேண்டாமா? அடுக்காவிட்டால் சாமான் கடையில் இருக்கும், ஆனால் ஆள் கேட்கும்போது கைக்கு வராது. தாரணிக்கு மொடல் பேப்பரில் நடந்தது அதுதான். மூளையும் ஒரு ஸ்டோர்தானே. நித்திரையில்தான் அது அடுக்குகிறது. இதற்கு நான் எந்த யுனிவர்சிட்டிக்கும் போகவில்லை.

இரண்டு வீட்டுக்கும் இதைச் சொன்னேன். அடுத்த நாள் பின்னேரம் சுகந்தியும் கீர்த்தனாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு தாய்மாரும் சோஃபாவில். பேச்சுவார்த்தை ஆரம்பம். நான் எத்தனையோ ஏஜென்ட்மாரோடு பேரம் பேசி ஜெயித்தவன். இப்படி ஒரு பேரத்தைப் பார்க்கவில்லை.

"பத்தரைக்கு ரெண்டு வீட்டிலயும் நிப்பாட்டுவம்" என்றாள் வதனி.

"ஓம், நல்லது" என்றா சுகந்தி. கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்குப் பின் பக்கமும் ஒரு அறை இருக்கல்லோ?"

"இருக்கு. ஏன்?"

"இல்லை... சும்மா கேட்டனான்."

"உங்களுக்கும்தானே பின் அறை இருக்கு அக்கா. கறுப்புக் கேர்ட்டின் போட்டது?"

பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. கீர்த்தனாதான் எழும்பினாள். "நீங்க கதைச்சு முடியுங்கோ. நாங்க கடற்கரைப் பக்கம் போட்டு வாறம்."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறவர்கள். ஆளுக்கொரு ஹெட்ஃபோன். இரண்டு வருடத்தில் 'ஹாய்'க்கு மேல் கதைத்ததில்லை. யுனிவர்சிட்டிக்கு எடுப்பது மாவட்டக் கணக்கில்; ஒரே மாவட்டம், ஒரே சீட்டுக்குப் போட்டி — பிறகு என்ன கதை?

திரும்பி வரும்போது கையில் கடலை. முடிவும் கையில். எங்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இரவு பத்தரைக்கு லைட்டை நிற்பாட்டுவதாம். போன் இரண்டும் தாய்மாரிடமாம். ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள்போலவே எழும்புவதாம். காலையில் பஸ்ஸில், முதல்நாள் படித்ததில் ஆளையாள் கேள்வி கேட்பதாம். சொல்லத் தெரியாதவள் மற்றவளுக்கு மீன் ரோல்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம்.

"பின் அறையில ஒளிச்சுப் படிச்சா?" என்றாள் வதனி.

"படிக்கட்டும் அம்மா" என்றாள் தாரணி. "காலமை பஸ்ஸில கொட்டாவி விட்டாத் தெரியும்தானே."

எவ்வளவு லேசான வேலை, பாருங்கள்! தூரத்து லைட்டைக் காட்டி முடுக்க முடியாத பிள்ளையை, பக்கத்து சீட்டில் ஒரு பிள்ளை இருந்து கேட்கும் கேள்வி முடுக்குகிறது. நாளைக் காலை ஒருத்தி கேட்பாள் என்றால் இன்று பின்னேரம் கை தானாகப் புத்தகத்துக்குப் போகிறது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் சில நாட்கள் தாரணி படுக்கையில் புரண்டாள். நித்திரை என்பது கூப்பிட்டவுடன் வருகிற முச்சக்கரவண்டியா? வதனியின் பாடு இன்னும் மோசம். பிள்ளை நித்திரை, தாய் கேர்ட்டினை விலக்கி விலக்கி எதிர்ப் பக்கம் பார்க்கிறாள். ரோல்ஸ் கணக்கில் முதல் கிழமை முழுக்கத் தாரணிக்குத்தான் நட்டம்.

பிறகு அடுத்த மொடல் பேப்பர் வந்தது. முதலாம் பிள்ளை ஆகவில்லை. நடுவில்தான் நிற்கிறாள். ஆனால் வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பப்பா, கேள்வியை ஒருக்கா வாசிச்சவுடன விளங்கிட்டுது." பிறகு குசினிக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, நான் இந்த வருசம் எழுதுறன்."

வதனி திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே "சரி" என்றாள். அன்று குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. எல்லோரும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டோம்.

நேற்றுக் காலை ஒழுங்கையில் மீன்காரரிடம் பாரைக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். எதிர்க் கட்டடத்து ஐந்தாம் மாடிப் பெண் பக்கத்தில் வந்து நின்றா. அவவுக்கும் ஒரு மகன், அதே பரீட்சை. மிகவும் இரக்கமான குரலில் கதைத்தா.

"அங்கிள்... தாரணி இந்த முறை எழுதேல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"இல்லை, இப்ப எல்லாம் உங்கட வீட்டில நேரத்துக்கே லைட் நிண்டிடுது. பிள்ளை விட்டுட்டாளாக்கும் எண்டு நாங்க மேல கதைச்சனாங்கள். பரவாயில்லை அங்கிள், செகண்ட் ஷையில பாக்கலாம்தானே."

வாயில் வந்ததை விழுங்கினேன். "எழுதுறாள் பிள்ளை. நித்திரை கொண்டு எழுதுறாள்" என்றேன். நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. இதைத் தாரணியிடம் சொல்வதா, விடுவதா? ஊர் இப்படிக் கதைக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை திரும்பவும் யன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவாளோ? ஆனால் ஐந்தாம் மாடிக்காரி இன்று என்னிடம் சொன்னதை நாளை அவளிடமே சொல்வா. அதைவிட நான் சொல்வது மேல். சொன்னேன்.

தாரணி புத்தகத்திலிருந்து நிமிரவேயில்லை.

"நல்லது அப்பப்பா. நினைக்கட்டும். அவையின்ர மகன் போட்டி ஒண்டு குறைஞ்ச சந்தோசத்தில ஆறுதலாப் படிப்பான்... நான் என்ர பாட்டில எழுதிட்டு வாறன்."

ஏழாம் வகுப்போடு நின்றவனின் பேத்தி. சும்மாவா?